பனிக்காலத்தில் ரோடோடென்ட்ரான்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மார்க்கம் நகரிலிருந்து (டொராண்டோ அருகில், கனடா)

நான் உதகைக்காரி. தொட்டபெட்டா பக்கம் புல்வெளியில் தன்னந்தனியாக நின்று செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப் பூவரசைப் பார்த்து வளர்ந்தவள். அதே ரோடோடென்ட்ரான் இனத்துச் செடி ஒன்றை இங்கே நாற்றுப்பண்ணையில் கண்டபோது, ஊரிலிருந்து உறவுக்காரர் வந்ததுபோல் இருந்தது. வாங்கி வந்து வீட்டின் மேற்குச் சுவரோரம் வைத்தேன்.

எங்கள் மலையிலும் உறைபனி விழும். ஆனால் வெயில் ஏறினால் கரைந்துவிடும். இங்கே மண்ணே கல்லாக இறுகிவிடுகிறது. குளிர்தான் செடியின் எதிரி என்று எண்ணி, முதல் வருடம் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிவிட்டேன். பிப்ரவரியில் ஒரு பகல் நல்ல வெயில். தாளுக்குள் கை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, உட்புறமெல்லாம் நீர்முத்துகள். இரவில் மறுபடி கடுங்குளிர். ஏப்ரலில் பிரித்தபோது, வெயில் பட்ட பக்கத்து இலைகள் எல்லாம் காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்தன.

வெட்டிவிடலாம் என்று கத்தரியோடு நின்றேன். பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி வேலியோரம் வந்தார். வருடாவருடம் தன் அத்திமரத்தைச் சாக்குச் சுற்றிக் காப்பாற்றுகிறவர். ஒன்றும் பேசாமல் கிளையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை, ஈரப் பச்சை. "ஜூன் வரை தொடாதே" என்றார். மே கடைசியில், கருகிய இலைகளின் காம்படியிலிருந்து புதுத்துளிர் வந்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. இலை உதிராத செடி குளிர்காலத்திலும் வெயிலுக்கும் காற்றுக்கும் இலைவழியே நீரை இழந்துகொண்டே இருக்கிறது. மண் உறைந்திருப்பதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. இலை கருகுவது பெரும்பாலும் குளிரால் அல்ல, தாகத்தால். நான் கட்டிய பிளாஸ்டிக்கோ பகலில் சூடேற்றி அந்தத் தாகத்தைக் கூட்டியிருக்கிறது.

இப்போது அக்டோபர் முதல் மண் உறையும்வரை, மழை இல்லாத வாரமெல்லாம் வேர்வரை இறங்கும்படி நிதானமாகத் தண்ணீர் விடுகிறேன். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். இதன் வேர் மேலாகவே ஓடுவது. அதனால் பைன் பட்டைத் துண்டுகளால் 8 செ.மீ. அளவுக்கு மூடாக்கு போடுகிறேன், தண்டை ஒட்டிக் குவிக்காமல். மேற்கே நான்கு முளைக்கம்பு அடித்துச் சணல் சாக்கைத் திரையாகக் கட்டுகிறேன். சாக்கு இலையில் படக்கூடாது, மேலே திறந்திருக்க வேண்டும். ஜூலைக்குப் பிறகு உரம் கிடையாது. அப்போது வரும் இளந்துளிர் முற்றுவதற்குள் பனி வந்துவிடும்.

கடுங்குளிரில் இலைகள் தொங்கிச் சுருட்டுபோல் சுருண்டுகொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். சூடு ஏறினால் விரிந்துவிடும். காலையில் காபி போடும்போது ஜன்னல் வழியே அதைப் பார்த்தே வெளியே எவ்வளவு குளிர் என்று சொல்லிவிடுவேன்.

ஸ்காபரோவிலிருந்து (டொராண்டோ)

அக்கா, எங்கள் வீட்டில் பாக்ஸ்வுட் என்ற இலை உதிராத குத்துச்செடி வேலி. தெருவோரம் என்பதால் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் வண்டி போகும்போதெல்லாம் உப்புச் சேறு தெறித்து, ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. தெருப்பக்கம் மட்டும் சாக்குத் திரை கட்டிய பிறகு அடுத்த வருடமே வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்று. சாக்குக் கட்டுமுன் இலைகளை விலக்கிப் பாருங்கள். பாக்ஸ்வுட்டைத் தின்னும் அந்துப்பூச்சி 2018இல் இந்த டொராண்டோ நகரத்தில்தான் வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு, இரண்டு இலைகளை நூலால் ஒட்டி, நடுவில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கடக்கும். நான் பாராமல் கட்டிவிட்டேன். வசந்தத்தில் அவிழ்த்தபோது உட்கிளைகள் எலும்பாக நின்றன. இப்போது நவம்பரில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கூடு தேடுகிறோம்.

பனி கனத்துக் கிளை வளைந்தால் தட்டிவிடலாமா அக்கா?

மார்க்கத்திலிருந்து

புதுப்பனி என்றால் துடைப்பத்தை அடியில் கொடுத்து மெல்ல மேல்நோக்கித் தள்ளுங்கள் தம்பி. மேலிருந்து அடித்தால் கிளை முறியும். மழை உறைந்து கண்ணாடியாகப் படிந்திருந்தால் தொடவே வேண்டாம், தானாக உருகட்டும்.

தரையோரம் குவிந்த பனியை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். போன வருடம் பனிக்குள் புதைந்திருந்த தாழ்கிளைகளில்தான் மொட்டுகள் அதிகம் பிழைத்தன. மேலே 3 பூங்கொத்து, கீழே 11. பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணிச் சொன்னார்.