கருவாடு காயவில்லை, பாலித்தீன் கூடாரம் போட்டவர்கள் யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது, அம்மா பல வருஷமாகக் கருவாடு போடுகிறார். இந்த மார்கழிக் கடைசி வாரம் பாடாய்ப் படுத்திவிட்டது. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் தூறல், அப்புறம் வாடைக்காற்று, மழை விட்ட பிறகும் காலை ஒன்பது மணி வரை பனி இறங்கி விரித்த வலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கிறது. நெத்தலியைத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் போகிறது, மூடாவிட்டால் பனி.

பெரிய கவலை சீலாக் கருவாடுதான். உப்புப் போட்டு வைத்த துண்டுகளில் செவுள் ஓரமாக இளஞ்சிவப்புத் திட்டு வந்திருக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது. உப்பிலேயே வளரும் நுண்ணுயிரி அது என்று தெரியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுக்கும், அதனால் இந்த வாரம் எவ்வளவு உப்புப் போட்டும் பலனில்லை. திட்டு வந்ததை விற்கக் கூடாது என்று அம்மா தனியாக ஒதுக்கிவிட்டார், அதில் எனக்கும் மறுபேச்சில்லை.

பாலித்தீன் கூடாரம் போட்டுக் காயவைக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஈரக்காற்று வெளியேற மேலே எவ்வளவு திறப்பு விட்டீர்கள்? பரண் தரையிலிருந்து எத்தனை அடி உயரம்? வாடைக்காற்றுக்கு மூங்கில் தாங்குமா, இரும்புக் குழாய் வேண்டுமா? படம் இருந்தால் ரொம்ப உதவி. ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம்.