மர முகப்பு, உலோகக் காதுக்கம்பி: இருவர் சேர்ந்து மூக்குக்கண்ணாடி செய்யும்போது எந்த வேலை முந்த வேண்டும்?

இழைப்புளி (கேள்வி):

வணக்கம். நான் மரவேலை செய்பவன். வெள்ளி நகை செய்யும் தோழி ஒருவருடன் சேர்ந்து, பட்டறையில் நாள் முழுவதும் அணிந்திருக்கத் தக்க மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். முகப்பு மரத்தில் என் பொறுப்பு, காதுக்கம்பிகளும் கீலும் உலோகத்தில் அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். நான் முகப்பைச் செதுக்கி மெருகிட்டுக் கொடுத்த பிறகு அவர் கீலைப் பொருத்தினார். இரண்டு சட்டங்கள் இதுவரை உடைந்துவிட்டன: ஒன்று கீலின் ரிவெட் இறங்கிய இடத்தில் பிளந்தது, மற்றொன்று லென்ஸை அழுத்தி உள்ளே செலுத்தியபோது வளையத்தின் ஓரப்பக்கத்தில் முறிந்தது. மரத்தை மாற்ற வேண்டுமா, அல்லது நாங்கள் வேலையைப் பகிர்ந்துகொண்ட முறையிலேயே பிழை இருக்கிறதா?

உலைத்துருத்தி:

மரத்தின் மேல் குற்றமில்லை; வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. நானும் மரவேலைக்காரர் ஒருவரும் சேர்ந்து சில ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறோம், தொடக்கத்தில் நாங்களும் முகப்பை முதலில் முடித்துத்தான் தவறினோம். மரம் நெருப்புக்கு அருகில் வர முடியாது என்பதால், பற்றவைப்பு வேலை அனைத்தும் மரம் சேரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். உலோகத்துக்கு ஏற்ப மரத்தைக் குடைந்துவிடலாம். முடிந்த மரத்துக்கு ஏற்ப உலோகத்தைச் சரிசெய்ய முற்பட்டால், கடைசியில் மரத்தை வலிந்து துளைப்பதில்தான் போய் நிற்கும்.

ஆகவே, நகைக்காரர் கல் பதிக்கும் கூட்டைச் செய்வதுபோல, லென்ஸைப் பிடிக்கும் மெல்லிய உலோக வளையத்தை உங்கள் தோழி முதலில் செய்யட்டும். அதன் வெளி ஓரத்தில் வளையத்தை வெட்டி, ஒரு திருகால் இறுக்கும் பூட்டு வைத்து, கீலையும் அந்தப் பூட்டின் மேலேயே பற்றவைத்துவிட்டால், இழுப்பும் முறுக்கும் உலோகத்திலேயே தங்கிவிடும். உங்கள் மரம் அந்த வளையத்தின் மேல் அமரும் முகமாக மட்டும் இருக்கும். திருகைத் தளர்த்தி லென்ஸை வைத்துப் பின் இறுக்கலாம் என்பதால் அழுத்த வேண்டியதே இல்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். பற்றவைக்கும் சூட்டில் வெள்ளிக் கம்பி இளகி, அதன் வில்தன்மை போய்விடும். மீண்டும் தட்டியோ இழுத்தோ இறுக்கினால்தான் திரும்பும். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி கொண்ட கலவை) அப்போதும் மென்மையானதே. ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டுமே வெள்ளி; உண்மையில் செம்புக் கலவை) நன்றாக விறைத்து நிற்கும், ஆனால் அதில் நிக்கல் இருப்பதால் சிலருக்குக் காதோரம் தோல் தடிக்கும். அணிபவரை முன்பே கேட்டறியாமல் அதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணளவு:

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலையில் இருப்பவன். நீங்கள் இருவரும் கைவைப்பதற்கு முன்பே முடிவாக வேண்டிய ஒன்று, அணிபவரின் இரு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம். காதுக்கம்பியின் உட்புறத்தில் 50, 18, 140 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், காதுக்கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டின் கூட்டுத்தொகை 68. அணிபவரின் கண்மணித் தூரம் 62 ஆனால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 3 மி.மீ. உட்புறம் நகர்த்த வேண்டியிருக்கும். கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸாக இருந்தால் வெளி ஓரம் தடித்துவிடும். பூட்டும் கீலும் வரும் இடம் அதுதான். நகர்த்தாமல் விட்டாலோ நிலைமை இன்னும் மோசம்: 4 பவர் லென்ஸ் 5 மி.மீ. விலகினாலே 2 பிரிசம் (லென்ஸ் ஒளியை விலக்கும் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்குக் காட்சி இடம் பெயரும், தலைவலியும் வரலாம். ஆகவே அகலமும் பாலமும் கூடி அந்தத் தூரத்தை நெருங்கும்படி வரையுங்கள். பட்டறை வேலைக்கு என்றீர்கள். கையருகே பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால் தூரம் இன்னும் 3 மி.மீ. அளவுக்குக் குறையும்.

மரத்தைச் சூடாக்கி வளைத்து முகத்துக்குப் பொருத்த என்னைப் போன்றவர்களால் முடியாது. எனவே மூக்குத்தாங்கிகளையும் காதுக்குப் பின் வளையும் முனையையும், நாங்கள் இடுக்கியால் திருத்தத் தக்க உலோகத்திலேயே வைத்துவிடுங்கள்.

இழைப்புளி:

இருவருக்கும் மிக்க நன்றி. வளையம் முதலில் என்ற யோசனையைத் தோழியிடம் காட்டினேன். கல் பதிக்கும் கூடு என்றதும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு ஐயம்: ஒற்றைப் பலகையில் முகப்பைச் செதுக்குவதையே தொடரலாமா?

உலைத்துருத்தி:

வேண்டாம். ஒற்றைப் பலகையில் நார் கிடையாக ஓடினால், பாலம் வலுவாக இருக்கும், ஆனால் வளையத்தின் செங்குத்தான ஓரப்பக்கங்களில் நார் குறுக்கே அறுபட்டு நிற்கும். உங்கள் இரண்டாவது சட்டம் முறிந்தது அங்கேதான். 0.6 மி.மீ. தகடுகளாகச் சீவி, நாரை மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டினால், ஐந்து அடுக்கில் 3 மி.மீ. கிடைக்கும். முகத்தின் வளைவுக்கேற்ற அச்சில் வைத்து ஒட்டுங்கள், பின்னால் வளைக்கத் தேவையிராது. வியர்வை உள்ளே இறங்காதபடி, லென்ஸ் வளையம் அமரும் உட்குடைவுக்கும் மெருகெண்ணெய் பூசிவிட்டுப் பிறகு உலோகத்தைத் திருகால் இணையுங்கள். பசையால் மட்டும் ஒட்டினால் மரம் ஈரத்தில் உப்பும்போது பிடி விட்டுப்போகும்.