புதுப்பிப்பு: கரூர் படுக்கை விரிப்புகளின் முதல் ஏற்றுமதி

கரூரில் நாங்கள் நெய்யும் படுக்கை விரிப்புகளை ஜெர்மனிக்கு 60 நாள் கடனில் அனுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். 30 விழுக்காடு முன்பணம் பெற்று, மீதத்துக்கு, வாங்குபவர் பணம் தராவிட்டால் இழப்பை ஈடுசெய்யும் இ.சி.ஜி.சி. (அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு எடுத்து, தூத்துக்குடி வழியாக அனுப்பினோம். பணம் முழுவதும் வந்துவிட்டது.

எங்களை உண்மையில் தடுமாற வைத்தது சாயம்தான். தோலில் நெடுநேரம் படும் துணிகளில், தடைசெய்யப்பட்ட அரோமாட்டிக் அமீன்களை (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள்) கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வெளியிடும் அசோ சாயங்களை (ஒருவகைச் செயற்கைச் சாயங்கள்) ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நாங்கள் வாங்கிய சிவப்பு நூல் அந்தச் சோதனையில் தேறாததால், நெய்து முடித்த விரிப்புகளை ஒதுக்கிவிட்டு மறுபடி நெய்ய 3 வாரங்கள் ஆயின. பாவு ஓட்டுவதற்கு (நெசவுக்கு நீளவாட்டு இழைகளை ஆயத்தம் செய்வதற்கு) முன்பே நூலைச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள் என்று முதன்முறை ஏற்றுமதி செய்வோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா என்று கேட்டவருக்கு: விதிப்படி ஏற்றுமதி செய்வோம் என்று வரித் துறைக்குத் தரும் உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்திருந்ததால், ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. கட்டாமலே சரக்கை அனுப்ப முடிந்தது.