நோயாளியைக் கடைசி நாட்களில் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தவர்கள் சொல்வது

சாட்ஸ்வர்த் நர்ஸ்:
சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் சண்டை வருவதே அதில்தான். "பட்டினி போட்டா அனுப்பப் போறீங்க?" என்று ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்து இறங்கிய அத்தை கேட்பார். கடைசி வாரத்தில் உடம்பு உணவைத் தேடாது, குடலும் ஓய்ந்துவிடும். வற்புறுத்தி ஊட்டிய கஞ்சி வாந்தியாக வரும், அல்லது புரையேறி நுரையீரலுக்குப் போகும். வாயைத் திறந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து அரை டீஸ்பூன் கொடுங்கள், விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்தது. திறக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பசியை விட வாய் காய்வதுதான் அவர்களுக்கு வேதனை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெல்லிய துணியை விரலில் சுற்றி, நனைத்துப் பிழிந்து, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் துடைத்துவிடுங்கள். உதட்டுக்கு வாசலின் போதும். ஆனால் மூக்கில் ஆக்ஸிஜன் ஓடினால் வாசலின் கூடாது, தீப்பற்றும் அபாயம் உண்டு. தண்ணீரில் கரையும் ஜெல்லைக் கேட்டு வாங்குங்கள். சாமி விளக்கும் ஊதுபத்தியும் அந்த அறையிலேயே வேண்டாம்.

ஃபீனிக்ஸ் மருந்துக்கடை:
வலிக்குக் குடிக்கக் கொடுக்கும் மிஸ்ட் மார்ஃபின் (மார்ஃபின் திரவம்) எல்லா இடத்திலும் ஒரே வீரியத்தில் இருக்காது. ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 20. பாட்டில் மாறியது தெரியாமல் பழைய கரண்டிக் கணக்கிலேயே கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். டாக்டர் சொல்லும் மில்லிகிராம் எத்தனை மில்லி என்று கடையிலேயே பாட்டில்மேல் எழுதி வாங்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கவேண்டும். மலம் இளக்கும் மருந்தையும் டாக்டரிடம் கேட்டு மார்ஃபின் தொடங்கும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

மார்ஃபின் ஷெட்யூல் 6, அதாவது கடுங்கட்டுப்பாட்டு மருந்து; சீட்டில் ரிப்பீட் கிடையாது, ஒவ்வொரு தடவையும் டாக்டரின் புதுச் சீட்டு வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலி பாட்டிலோடு ஓடிவருபவர்கள்தான் அதிகம்! கை கால் வெட்டி வெட்டி இழுத்தால் சிறுநீரகம் தளர்ந்து மருந்து தேங்குவதாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாட்ஸ்வர்த் நர்ஸ்:
இல்லாத ஆளோடு பேசினால் உடனே மருந்தைக் குறை சொல்லவேண்டியதில்லை. "அம்மா வந்திருக்கா" என்று நிம்மதியாகச் சொன்னால் திருத்தாதீர்கள். போர்வையைப் பிடுங்கி, எழுந்திருக்கப் பார்த்துத் தவித்தால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உப்பிக் கெட்டியாக இருந்தால் மூத்திரம் அடைத்திருக்கலாம். கதீட்டர் (மூத்திரம் வடிக்கும் குழாய்) போட்டதும் பலர் தவிப்பு நீங்கி அமைதியாகிவிடுவார்கள். தூக்க மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொண்டையில் வரும் கரகரப்பு கேட்பவர்களுக்குத்தான் பயங்கரம், நினைவு தப்பியவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குழாய் விட்டு உறிஞ்சினால் தொண்டைதான் புண்ணாகும், சளி திரும்ப ஊறும். மூச்சு அரை நிமிடம் நின்று மறுபடி வரும். முழங்காலில் ஊதா நிறம் திட்டுத்திட்டாகப் படியும். உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடவேண்டிய நேரம் அது.

லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்ட் நிறுத்துவது) குறைந்தாலும் கரண்ட் போவது நிற்கவில்லை. ஆக்ஸிஜன் மெஷின் இருந்தால் பக்கத்தில் ஒரு சிலிண்டரும் இருக்கட்டும்.

டோங்காட் தேவாரக் குழு:
நினைவில்லாத வாயில் கரண்டியால் பால் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாலே சடங்கு ஆயிற்று.

மூச்சு நின்றதும் பதறி ஆம்புலன்ஸ் எண்ணான 10177-க்கு அடித்துவிடுகிறார்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் நோயாளியின் விருப்பம் தெரியாமல் நெஞ்சை அமுக்கத் தொடங்கலாம். ஹாஸ்பிஸ் (கடைசிக்காலப் பராமரிப்பு) நர்ஸ், குடும்ப டாக்டர் இருவரின் எண்ணையும் ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். சிகிச்சை பார்த்துவந்த டாக்டர் டிஎச்ஏ-1663 என்ற இறப்பு அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லையென்றால் கிளேர் எஸ்டேட் தகனக்கூடத்தில் அன்றே தகனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் வருவார் என்று இப்போதே கேட்டுவையுங்கள். நோயாளியின் அசல் ஐடியை (அடையாள அட்டை) எடுத்துத் தனியே வையுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அண்டர்டேக்கரிடம் (இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்பவர்) முதல் போனிலேயே சொல்லிவிடவேண்டும். எடுக்காமல் உலைக்குள் அனுப்பினால் அது வெடிக்கும்.