ரேஞ்சில் புலி, புல்லில் எலி: சிப்பிங்குக்கு வழி சொல்லுங்கள்

கேட்டவர் (முருகேஷ்பாளையா, பெங்களூரு)

வணக்கம். வயது 43, சொந்த ஊர் பொள்ளாச்சி, பெங்களூரு வந்து 15 வருஷம். கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 17 (அதாவது நடுத்தர ஆட்டம்). டிரைவும் (தொடக்க நீள அடி) அயனும் (இரும்புக் கிளப் அடி) என் லட்சணத்துக்கு மோசமில்லை. கிரீனுக்கு (குழி இருக்கும் ஒட்டவெட்டிய புல்தரைக்கு) 20 யார்ட் வெளியே பந்து நின்று, சிப் (சின்னதாகத் தூக்கிப்போடும் அடி) செய்ய வேண்டி வந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஒன்று, பந்துக்கு முன்னாலேயே மண்ணை வெட்டிவிடுவேன், பந்து காலடியிலேயே கிடக்கும். இல்லையென்றால் கிளப்பின் (மட்டையின்) விளிம்பு பந்தின் இடுப்பில் பட்டு, கிரீனைத் தாண்டி அந்தப் பக்கத்து பங்கரில் (மணல்குழியில்) போய் விழும். போன சனிக்கிழமை ஒரே ஹோலில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டினேன். கூட ஆடியவர்கள் மரியாதையாக வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழெட்டு மாதமாக ஸ்லோ மோஷனில் என்னையே படம் எடுத்துப் பார்க்கிறேன். மனதில் ஓடும் பட்டியல்: எடையில் 60 சதவீதம் இடது காலில், பந்து வலது கால் பக்கம், கை பந்துக்கு நன்றாக முன்னால், மணிக்கட்டு ஆடக்கூடாது, தலை அசையக்கூடாது, மார்பு திரும்ப வேண்டும். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) செயற்கைப் புல் மேட் மேல் பத்துக்கு எட்டு அழகாகப் போகிறது. கோர்ஸில் பத்துக்கு மூன்று. வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) 56 டிகிரி, பவுன்ஸ் 12. பட்டியலில் எதை விட்டுவிட்டேன்?

பதில் 1

பட்டரை (பந்தை உருட்டுற கிளப்பை) எடுத்துத் தள்ளுங்க ஜி. கேவலமா இருக்கும், ஆனா ஸ்கோர் கார்டுல படம் வராது.

கேட்டவர்

நடுவில் ரஃப் (வெட்டாத நீளப் புல்) இருந்தால்?

பதில் 2 (தொம்மலூர்)

பட்டியலில் ஒன்றும் விட்டுப்போகலை தம்பி. ஆறு இருக்கு, அதில் அஞ்சை அழிச்சிடுங்க.

நானும் இப்படித்தான் ரெண்டு வருஷம் பாழாக்கினேன். அப்போ எனக்கு வந்த கேடி (கிளப் பையைத் தூக்கிட்டு கூட வர்றவர்) திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பிராக்டிஸ் கிரீனில் என் கையிலிருந்து வெட்ஜைப் பிடுங்கிட்டு பந்தைக் கொடுத்தார். "சார், கையால குழிகிட்ட போடுங்க." போட்டேன். மூணடி தள்ளி நின்னுச்சு. "கையை எவ்வளவு பின்னாடி இழுத்தீங்க?" தெரியலைன்னேன். "எந்த விரல்ல விட்டீங்க?" தெரியலை. "இதெல்லாம் தெரியாம சரியாப் போச்சுல்ல? கிளப் வந்தா மட்டும் ஏன் சார் கையைக் கணக்குக் கேக்கறீங்க?"

கண் பார்த்தால் கை செய்யும்னு வீட்டில் சொல்வாங்களே, அதேதான். அம்மா உப்பு போடுறப்போ ஸ்பூன் தேட மாட்டாங்க. அதுக்குப் பேர் கைநிதானம், அது உங்ககிட்டயும் இருக்கு. மேல ஆறு கட்டளையைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழியை விட்டுடுங்க, பந்து முதலில் எங்கே விழணும்னு ஒரு இடம் பிடிங்க. கிரீனுக்குள்ள ரெண்டு மூணு தப்படி, சமதளமா இருந்தா உத்தமம். அந்த இடத்தையே பார்த்துக்கிட்டு, பந்துக்குப் பக்கத்தில் ரெண்டு தடவை சும்மா வீசுங்க. புல்லில் 'சர்'ருனு உரசுற சத்தம் கேக்கணும். "இது போதும்"னு கைக்குத் தோணின உடனே பந்துகிட்ட வந்து, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள அடிச்சிடுங்க. நின்னு யோசிச்சா பட்டியல் திரும்ப வந்துடும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு பந்து போதும். அடி, நடந்து போ, பட் பண்ணி முடி, அப்புறம் வேற இடம். ஒரே இடத்தில் அம்பது பந்து அடிச்சா அம்பதாவதுதான் நல்லா வரும். கோர்ஸில் அம்பதாவது கிடையாது.

பதில் 3 (வைட்ஃபீல்டு)

பெரியவர் சொல்வது தூரத்துக்குச் சரி. ஆனால் மண்ணை வெட்டுவது கைநிதானக் குறை மட்டுமல்ல, கொஞ்சம் ஜியோமெட்ரியும் உண்டு. உங்கள் வெட்ஜின் பவுன்ஸ் 12 டிகிரி. அதாவது அடிப்பகுதி மண்ணில் வழுக்கிப் போவதற்காக வைத்த வளைவு. ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) 10 டிகிரி முன்னால் சாய்த்தால் மிச்சம் 2தான். பந்தையும் வலது காலுக்குத் தள்ளிவிட்டீர்கள். கையில் இருப்பது வெட்ஜ் இல்லை, மண்வெட்டி. மழைக்காலத்து ஈரத்தில் கேட்கவே வேண்டாம். பந்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், கையை பந்துக்கு நேராக, துளிதான் முன்னால் வையுங்கள். இதை நிற்கும்போதே முடித்துவிட வேண்டும், ஆடும்போது நினைக்கக் கூடாது.

மேட்டை நம்பாதீர்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே மேட்டில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தொட்டுவிடும். உங்கள் எட்டில் குறைந்தது நாலு பொய்.

இன்னொன்று, இங்கே பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். படிந்திருக்கும் திசை முக்கியம். பளபளவென்று தெரிந்தால் உங்களுக்கு விலகிப் படிந்திருக்கிறது, கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கி. எதிர்ப்புல்லில் கிளப்பின் விளிம்பு மாட்டும். அங்கே வெட்ஜ் வேண்டாம், 8 அயனை எடுத்து பட் மாதிரி தட்டுங்கள்.

பதில் 4

பதில் 2 சொன்னதற்கு ஆராய்ச்சி ஆதாரமே உண்டு. 1999இல் கேப்ரியேல் வுல்ஃப் குழுவினர், கோல்ஃப் தெரியாதவர்களை பிட்ச் ஷாட் (குறியை நோக்கித் தூக்கிப்போடும் அடி) பழக வைத்தார்கள். ஒரு குழுவுக்கு "கையின் வீச்சைக் கவனி", இன்னொன்றுக்கு "கிளப்பின் வீச்சைக் கவனி". கிளப்பைக் கவனித்தவர்களே குறியில் சிறந்தார்கள். எனவே எதையாவது நினைத்தே தீர வேண்டுமென்றால் கிளப் தலையையோ பந்து விழும் இடத்தையோ நினையுங்கள். மணிக்கட்டை மறந்துவிடுங்கள்.

நம்ம பெங்களூரு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கை டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்கள். டிரைவ் தூரத்தில் கடைசி வரிசையில், ஆனாலும் பதக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தவறி 4ஆம் இடம். கிரீன் பக்கத்து ஆட்டம்தான் அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

பதில் 1

கையால போட்டுப் பார்க்கிறதெல்லாம் பிராக்டிஸ் கிரீனோட வச்சுக்கோங்க. ஆட்டத்துக்கு நடுவுல, ஆடப்போற கிரீன்ல பந்தை உருட்டிச் சோதிச்சா விதி 13.1e, ஸ்ட்ரோக் பிளேயில (மொத்த அடியை எண்ணுற ஆட்டத்துல) ரெண்டு ஸ்ட்ரோக் தண்டம். அனுபவம்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பந்தை நடுவுக்குக் கொண்டுவந்த அன்றே மண் வெட்டுவது பாதியாகக் குறைந்தது. தினமும் காலையில் கையால் இருபது பந்து போட்டேன். மூன்றாம் நாள் செக்யூரிட்டி வந்து "கிளப் எடுத்துட்டு வரலையா சார்?" என்றார். தூரம் சரியாக ஒரு வாரம் ஆனது. முதலில் எல்லாமே குட்டையாக விழுந்தது, பயந்து கடைசியில் வேகத்தைக் குறைக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நேற்று 18 ஹோல், ஒன்பது சிப். ஆறு பந்து ஒரே பட்டில் முடியும் தூரத்தில் நின்றது. 14ஆவது ஹோலில் மட்டும் நண்பர் "மணிக்கட்டைப் பாத்துக்கோ" என்றார். பார்த்தேன். பந்து நேராக பங்கருக்குள்.

பதில் 2

பங்கரிலிருந்து எப்படி வந்தீங்க தம்பி?

கேட்டவர்

நாலு தடவை அடித்துப் பார்த்தேன் சார். அப்புறம் ஹோலை விட்டுக்கொடுத்துவிட்டு, பந்தைக் கையால் எடுத்துக் கொடிப் பக்கம் போட்டேன். மூணடியில் நின்றது.