ஸ்கொலர்ஷிப் பனரில் மூன்றே மூன்று படம்: இந்தப் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்கலாமா?

ஜம்பட்டா வீதி அம்மா (கேள்வி)

வருகிற ஜனவரி 31க்குள் மகளுக்கு ஐந்து வயது முடிகிறது. தரம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும். கொழும்பில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஓர் அரசாங்க ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. தமிழ் மொழிமூலம், தரம் 5 வரைதான். கேற்றுக்கு மேலே ஸ்கொலர்ஷிப் (தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை) பனர் கட்டியிருக்கிறார்கள். மூன்றே மூன்று பிள்ளைகளின் படம். இரண்டு தெரு தள்ளியிருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தின் பனரில் முகம் அடையாளம் தெரியாத அளவுக்குப் படங்களை அடுக்கியிருக்கிறார்கள்.

மாமிக்கு அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னாலே பிடிக்காது. "முடுக்குப் பிள்ளைகள் போற இடம்" என்பார், அதாவது சந்துக்குள் இருக்கிற பிள்ளைகள். (நாங்கள் இருப்பதும் ஒரு முடுக்கின் வாசலில்தான், அது வேறு கதை.) கணவருக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆசை. புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, அந்தச் சம்பளத்தில் தவணைப் பணம் கட்ட முடியாது. பெரிய பள்ளிக்கூடம் கிடைக்குமா தெரியாது, நாங்கள் வாடகை வீடு. மூன்று பேர்தான் பாஸ் என்றால் அங்கே படிப்பிக்கிறார்கள் இல்லை என்றுதானே அர்த்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்குளி 155

அக்கா, நேராகச் சொல்கிறேன். எப்படியாவது பெரிய பள்ளிக்கூடத்துக்கு முயற்சி பண்ணுங்கள். கூட இருக்கிற பிள்ளைகள் எப்படியோ நம் பிள்ளையும் அப்படித்தான். என் மகனை இப்படி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் போட்டேன். தரம் 3 வரைக்கும் வகுப்பில் முதலாவது. வெளியே டியூஷனில் விட்ட பிறகுதான் மற்றப் பிள்ளைகள் எவ்வளவு முன்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றி, 155 பஸ்ஸில் தினமும் பம்பலப்பிட்டிக்கு ஓட்டம்.

இன்னொன்று, தரம் 5 முடிந்ததும் அங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். ஸ்கொலர்ஷிப்பில் வெட்டுப்புள்ளி (தெரிவாவதற்கு எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) வராத பிள்ளைக்குத் தரம் 6க்கு இடம் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும். அதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

பென்சன் டீச்சர்

தங்கச்சி, கொழும்பு வடக்கில் ஆரம்பப் பிரிவிலேயே என் சேவைக்காலம் முழுக்கக் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பனரில் இருப்பது மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகள் மட்டும். பரீட்சை இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறு. கொழும்பில் அது உயரமாகத்தான் இருக்கும். 120 எடுத்த பிள்ளை பனரில் வராது. ஆனால் அந்தப் பிள்ளை நன்றாக வாசிக்கும், கணக்குச் செய்யும், உங்கள் மகளுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆகவே அதிபரிடம் கேட்க வேண்டியது, எத்தனை பேர் எழுதினார்கள், அதில் எத்தனை பேர் சித்தி என்று எடுக்கிற 70க்கு மேல், ஒவ்வொரு தாளிலும் 35 குறையாமல் எடுத்தார்கள் என்பது. பெரிய பள்ளிக்கூடத்துப் பனரைப் பார்க்கும்போதும் அங்கே எத்தனை வகுப்பு என்று கேளுங்கள். தரம் 5 மட்டும் ஏழெட்டு வகுப்பு இருந்தால் பனர் நிரம்பத்தானே செய்யும்.

அடுத்தது, யார் எங்கே போகிறார்கள் என்பதைத் தரம் ஒன்று அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே பாதி தீர்மானித்துவிடுகிறது. தரம் ஒன்றில் நூற்றுக்கு 50 இடம் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 அங்கே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகளுக்கு. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் என்று போகும். அருகில் வசிப்பவர் என்றாலும் உறுதி (வீட்டுப் பத்திரம்) உள்ள சொந்த வீட்டுக்காரருக்குக் கூடுதல் புள்ளி, வாடகைக்காரருக்கு அதைவிடக் குறைவு. வாக்காளர் இடாப்பில் பல வருடம் தொடர்ந்து பெயர் இருக்க வேண்டும். நீங்கள் கேட்கிற பள்ளிக்கூடத்தைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். உங்கள் வீட்டுப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடமே பெரிய பள்ளிக்கூடத்துக்கான உங்கள் புள்ளியைக் குறைக்கும், கவனித்தீர்களா?

இப்படி வடிகட்டிய பிறகு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வருவது யார்? இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிற வாடகைக் குடும்பம். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை வேலை செய்கிறவர், பேலியகொடைச் சந்தைக்கு விடியாமல் போகிறவர். தாய் குவைத்தில், அம்மம்மா வளர்க்கிற பிள்ளை. மலையகத்திலிருந்து தவணை நடுவில் வந்து சேருகிற பிள்ளை. முஸ்லிம் பிள்ளைகளும் கணிசமாக இருப்பார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இன்டர்நேஷனலுக்குப் போய்விடுகிறார்கள், அங்கே தமிழில் ஸ்கொலர்ஷிப் எழுதுகிற பேச்சே இல்லை. ஆக, அந்த மூன்று படமும் வாசலால் யார் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு வழி இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், தரம் 4. பின்னேரத்தில் தகப்பனின் பழ வண்டியில் நிற்பான். "மாம்பழம் ஒன்று 80 ரூபா, மூன்று வாங்கி 500 ரூபா கொடுத்தால்..." நான் வாசித்து முடிக்கவில்லை, "260 டீச்சர்" என்றான். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் வெறுமனே விட்டுவிடுவான். வாசிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டி "மாம்பழம்" வரை போவதற்குள் மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். கணக்கில் பலவீனம் என்று முன்னேற்ற அறிக்கையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்துப் பிள்ளை. வீட்டில் ஒரே போன், அதுவும் தகப்பனின் சட்டைப் பையில். 2020இல் தரம் ஒன்றில் இருந்தவர்கள்தான் 2024இல் ஸ்கொலர்ஷிப் எழுதினார்கள். அந்த வருடம் கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அடிக்கு மேல் அடி.

அதனால் சொல்கிறேன், போய்த் தரம் 3 வகுப்பு வாசலில் நில்லுங்கள். பின் வாங்கில் (பெஞ்சில்) இருக்கிற பிள்ளையை ஒரு பந்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன் வாங்குப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாசிக்கும். திங்கட்கிழமை எத்தனை மேசை காலி என்று பாருங்கள். தரம் 1க்கு நிரந்தர டீச்சர் இருக்கிறாரா, இல்லை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகிறாரா என்று விசாரியுங்கள்.

மட்டக்குளித் தம்பி தரம் 6 பற்றிச் சொன்னது சரி. போன வருடம் வெட்டுப்புள்ளி வராத பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள் என்று பெயர் கேளுங்கள். அதிபர் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

மட்டக்குளி 155

டீச்சர் சொல்வது நியாயம். ஆனால் ஒரு தகப்பனுக்குச் சுற்றறிக்கையைத் திருத்த நேரமில்லை, பிள்ளைக்கு வயது போகிறது. பின் வாங்குப் பிள்ளைக்கு டீச்சரின் நேரம் முழுவதும் போனால் முன் வாங்கில் இருக்கிற என் மகனுக்கு என்ன கிடைக்கும்?

பென்சன் டீச்சர்

நாற்பது பேர் இருக்கிற பெரிய வகுப்பில் என்ன கிடைத்தது தம்பி? டியூஷன் காசு நீங்கள்தானே கட்டினீர்கள்?

ஜம்பட்டா வீதி அம்மா

போய்வந்தேன். அதிபர் முதலில் கொஞ்சம் முறைத்தார், பிறகு பதிவேட்டையே எடுத்துக் காட்டினார். எழுதியது இருபத்தொரு பேர். மூன்று பேர் பனரில், இன்னும் பதினொரு பேர் 70க்கு மேல். மாமியிடம் சொன்னேன், "மிச்சம் ஏழு பேர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. தரம் 3இல் பின் வாங்கில் இருந்த பிள்ளை தட்டுத் தடுமாறி வாசித்தாள், டீச்சர் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார். தரம் 1 டீச்சர் நிரந்தரம்தான், ஆனால் அடுத்த வருடம் இடமாற்றம் வரலாம் என்கிறார்கள். தரம் 6க்கு எங்கே போனார்கள் என்று இரண்டு பள்ளிக்கூடத்தின் பெயர் சொன்னார். ஒன்று பரவாயில்லை.

கணவர் இன்னும் அரை மனது. பெரிய பள்ளிக்கூடத்துக்கும் போட்டுப் பார்ப்போம் என்கிறார். இரண்டுக்கும் போடலாமா டீச்சர்?

பென்சன் டீச்சர்

தாராளமாகப் போடுங்கள். தனித்தனி விண்ணப்பம், இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள முகவரியும் வாக்காளர் இடாப்பில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம சேவகரிடம் போக வேண்டி வரும், அவர் கந்தோரில் இருக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.