ஒன்பது பேர் இருக்கற கொரியப் பெண்கள் பாப் குழு ட்வைஸ்ல மூத்தவர் நயோன், லீடர் மட்டும் ஜிஹ்யோ. ஏன்?

மிட்டாய்ப்பெட்டி:
கொரியாவுல வயசுக்குத்தானே முதல் மரியாதை? நயோன் 1995. ஜியோங்யோன், மோமோ, சானா மூணு பேரும் 1996. ஜிஹ்யோ 1997 பிப்ரவரி. நாலு அக்காக்களுக்கு ஒரு தங்கச்சி தலைவியா? கம்பெனி போட்டதா?

நள்ளிரவு_ஒன்ஸ்:
கம்பெனி போடல. உறுப்பினர்களே ரகசியமா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. காரணம் ட்ரெய்னி சீனியாரிட்டி, அதாவது அறிமுகத்துக்கு முன்னாடி கம்பெனில பயிற்சி எடுத்த காலம். ஜிஹ்யோ அவங்க கம்பெனியான ஜேஒய்பி-ல சேர்ந்தது 2005, எட்டு வயசு. நயோனும் ஜியோங்யோனும் 2010-ல வந்தவங்க. வயசு எப்படி இருந்தாலும் பயிற்சி அறைல ஜிஹ்யோதான் பழைய ஆள். நடுவுல சிக்ஸ்மிக்ஸ்னு ஒரு குழுவுக்குத் திட்டம் போட்டாங்க, அது அறிமுகமாகாமலே நின்னுபோச்சு. அப்புறம் 2015 மே முதல் ஜூலை வரை ட்வைஸுக்கு ஆள் தேர்ந்தெடுத்த 'சிக்ஸ்டீன்' டிவி போட்டி, அக்டோபர் 20-ல ட்வைஸ் அறிமுகம். பத்து வருஷக் காத்திருப்பு! கூட இருந்தவங்க ஓட்டு வேற யாருக்கு விழும்?

கிம்பாப்_கணக்கு:
"நாலு அக்கா"ங்கறதுல ஒரு திருத்தம். அப்போ கொரியாவுல ஜனவரி, பிப்ரவரில பிறந்த பிள்ளைங்க முந்தின வருஷத்துப் பிள்ளைங்களோட பள்ளில சேருவாங்க. 'பாரன்'னு சொல்றது இதைத்தான். அந்தக் கணக்குல ஜிஹ்யோ 96 செட். பள்ளி வகுப்பு வெச்சுப் பார்த்தா அக்கா நயோன் ஒருத்தர்தான். பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்து யார் 'ஒன்னி' (அக்கா)னு முடிவு பண்ணா இங்கதான் தப்பு வரும்.

மிட்டாய்ப்பெட்டி:
இது தெரியாது, நன்றி. சரி, லீடர்னா நிஜமா என்ன வேலை?

நள்ளிரவு_ஒன்ஸ்:
கண்ணுக்குத் தெரியறது வணக்கம். லீடர் "துல், செத்" (ரெண்டு, மூணு) சொன்னதும் ஒன்பது பேரும் சேர்ந்து "ஒன் இன் எ மில்லியன்!" எண்ணாம ஆரம்பிச்சா குரல் சிதறிடும். விருது வாங்கினா நன்றி சொல்ல மைக் பெரும்பாலும் முதல்ல லீடர் கைக்குத்தான் போகும். கண்ணுக்குத் தெரியாதது, ஒன்பது பேர் மனசுல உள்ளதைக் கேட்டுக் கம்பெனிகிட்ட ஒரே வாயாப் பேசறது. அங்க ஆளுக்கொண்ணு பேசினா எதுவும் நடக்காது.

கிம்பாப்_கணக்கு:
லீடர் வேலைக்குப் பெரிய சோதனை ஏழாவது வருஷம். கலைஞர்களும் கம்பெனிகளும் போடற ஒப்பந்தத்துக்கு 2009-ல வந்த பொது மாதிரிப் படிவம் ஏழு வருஷத்தை வரம்பா வெச்சதால, பல குழுக்கள் அந்தக் கட்டத்துலதான் உடையுது. ட்வைஸ்ல 2022 ஜூலைல ஒன்பது பேரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சாங்க. தனி ஆல்பம் முதல்ல வந்தது நயோனுக்கு (2022 ஜூன்). ஜிஹ்யோவோட 'ஸோன்', ஏழு பாட்டு, 2023 ஆகஸ்ட் 18. அந்தக் குரலுக்கு இது ரொம்ப லேட்டுன்னுதான் சொல்லுவேன்.

பாப்கார்ன்_பாரி:
மூத்தவர் லீடரா இல்லாத குழு வேறயும் உண்டு. ஐடில்ல மியோன், மின்னி ரெண்டு பேருமே சோயோனைவிட மூத்தவங்க. ஆனா 2018 அறிமுகப் பாட்டு 'லாடாட்டா'வுல இருந்தே எழுதற கை சோயோனோடது. லே செராஃபிம்ல சகுரா மூத்தவர், லீடர் சேவோன். பிளாக்பிங்க்ல லீடரே கிடையாது.